பூனைமேல் மட்டும் பழி போடாதீர்கள்

வணக்கம். கொஞ்ச நாள் முன்னால் ஒரு அம்மா தன் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். இரண்டு வாரமாகத் தலைவலி, விட்டு விட்டுக் காய்ச்சல், சட்டைப் பொத்தான் போட வலது கை வரவில்லை, காபி டம்ளர் இரண்டு தடவை நழுவி விழுந்திருக்கிறது. பக்கவாதம் என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி.க்கான மாத்திரையை அவர் ஒரு வருஷமாக விட்டுவிட்டார் என்பதைக் கடைசியில்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னார் அந்த அம்மா. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நம் ஊரில் அதைச் சொல்ல எவ்வளவு தயக்கம்!

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காக்கும் சி.டி.4 என்ற ரத்த வெள்ளை அணுக்கள் 100-க்கும் கீழே. ஸ்கேனில் மூளைக்குள் வளையம் வளையமாகக் கட்டிகள். டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி செய்யும் வேலை இது. சரியாக வேகாத கறியிலிருந்தோ, பூனைக் கழிவு கலந்த மண்ணிலிருந்தோ என்றைக்கோ உடம்புக்குள் வந்து, சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி சரிந்ததும் எழுந்துவிடும். பெரும்பாலும் இது புதிதாக ஒட்டியது இல்லை, பழைய குடித்தனக்காரன்தான். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கும்கூட வரலாம்.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு: காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் இப்படித்தான் தெரியும். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. (இந்தக் கிருமி முன்பே உடம்புக்குள் வந்திருக்கிறது என்று காட்டும் எதிர்ப்பொருள்) பார்ப்போம், அது இல்லையென்றால் டோக்ஸோவுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் எல்லாம் உறுதியாகட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது, மருந்தை ஆரம்பித்துவிட்டுக் கவனிப்போம். பைரிமெத்தமின், சல்ஃபாடையசின், கூடவே ஃபோலினிக் அமிலம்; கிடைக்காவிட்டால் கோட்ரைமாக்சசோல், அதுவும் நன்றாகவே கேட்கும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் தெளிவு தெரியவில்லையென்றால் வேறு நோயைத் தேட வேண்டும். தெரிந்தால், குறைந்தது ஆறு வாரம் முழு அளவு, அப்புறம் அளவைக் குறைத்துத் தொடர வேண்டும். கை சரியாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். எச்.ஐ.வி. மாத்திரையையும் மறுபடி ஆரம்பிக்காமல் இதில் எதுவும் நிலைக்காது.

பத்தாம் நாள் அவரே பொத்தான் போட்டுக்கொண்டார். "வீட்டுப் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடவா டாக்டர்?" என்று கேட்டார் அந்த அம்மா. வேண்டாம், இருக்கட்டும். அதன் கழிவை மட்டும் நீங்களே தினமும் அள்ளிவிடுங்கள், ஒரு நாளாவது கிடந்தால்தான் அதிலிருந்து தொற்றும். அவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். கறியை மட்டும் நன்றாக வேகவையுங்கள் என்றேன்.