நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

(கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

லூக்கா சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தில் ஒரே கேள்வி மூன்று தடவை வருகிறது. யோர்தான் கரைக்கு வந்த ஜனங்கள் கேட்கிறார்கள், வரி வசூலிக்கிற ஆயக்காரர் கேட்கிறார்கள், போர்ச்சேவகர் கேட்கிறார்கள்: "நாங்கள் என்னசெய்யவேண்டும்?" கேட்டது யோவான் ஸ்நானனிடம். ஒட்டகமயிர் உடுத்து, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்று வனாந்தரத்தில் வாழ்ந்த மனுஷன். அவரிடம் போனால் கடும் உபவாசம் சொல்வார், வீடு வாசலை விட்டுவிட்டு வா என்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. சாப்பாடு இருந்தால் அதையும் அப்படியே செய். ஆயக்காரரிடம், கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே. சேவகரிடம், "உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்."

ஆண்டவருக்கு வழியை ஆயத்தம்பண்ண வந்தவர் உடுதுணி, சோறு, வரிவசூல், சம்பளம் என்று பேசுகிறார். இதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் காலத்து ஆயத்துறை எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்தப் பதிலின் கனம் புரியும். சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுப்பார்கள். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, அதற்கு மேல் ஜனங்களிடம் பிடுங்கினது எல்லாம் குத்தகைக்காரனுக்கு. அதிகமாய் வாங்குவதுதான் அந்தத் தொழிலின் லாபமே. அந்த மேஜையை விட்டு எழுந்து போ என்று யோவான் சொல்லவில்லை. அங்கேயே உட்கார், நாளைக்கு வருகிறவனிடம் உள்ளதை மட்டும் வாங்கு என்கிறார். விட்டுவிட்டு ஓடுவதைவிட இது கடினம். தினம் தினம் செய்ய வேண்டியது.

நம் பக்கத்து அட்வெந்து எப்படி இருக்கிறது? வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், நட்சத்திரம் கட்டுகிறோம், கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம், முறுக்கும் அதிரசமும் சுடுகிறோம். எல்லாம் எனக்குப் பிரியமானவை, ஒன்றையும் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பண்டிகையை நமக்குச் செய்துதருகிற கைகளைக் கொஞ்சம் பார்க்கச் சொல்வேன்.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர். டிசம்பர் பிறந்துவிட்டால் அவர் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அளவு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துணித்துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். காஜா எடுக்கிற பையன் மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவான். 24ஆம் தேதி நடுராத்திரி தாண்டியும் அயர்ன் பெட்டி சுட்டுக்கொண்டே இருக்கும். அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒரு தடவை காட்டினார். பாக்கிக் கணக்கு. பெரும்பாலும் நம் சபையார் பெயர்கள். துணியை வாங்கும்போது, "அண்ணாச்சி, பண்டிகை முடியட்டும், தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அவருக்கும் அதே 25ஆம் தேதிதானே பண்டிகை? அவர் பிள்ளைகளுக்கும் புதுத்துணி வேண்டாமா? "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்கு நாம் போட்டுக்கொண்டு போகிற சட்டைக்குக் கூலி பாக்கி இருந்தால், அந்த வசனம் சொல்லுகிற விடியற்காலம் அதுதான்.

தையல்காரரோடு முடிகிறதில்லை இது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அந்த வாரம் வேலை இரட்டிப்பு, சம்பளம் பழையபடி. வெள்ளை அடித்தவருக்குப் பாதி கொடுத்து மீதியை ஜனவரிக்குத் தள்ளுகிறோம். அரசாங்க மேஜையில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு யோவானின் மூன்றாவது பதிலை நான் விளக்க வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும்.

2023 டிசம்பர் 17. அதுவும் அட்வெந்து மூன்றாம் ஞாயிறுதான். அன்று பிடித்த மழையை நம் மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சாலையும் துண்டிப்பு. அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர் ஜனங்கள். அவர்களையும் சுற்றி வெள்ளம்தான். அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருந்ததைப் பொங்கி, முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். "ஆகாரத்தை உடையவனும் அப்படியே செய்யக்கடவன்." அந்த வசனத்தை அந்த வாரம் எத்தனை பிரசங்க பீடங்களில் வாசித்திருந்தாலும், அதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்திருக்காது. மறுவாரம் பண்டிகை வந்தது. பல வீடுகளில் சேறு வழித்து முடியவில்லை, புதுத்துணி இல்லை. ஆனாலும் அன்றைக்கு இயேசு பிறந்தார் என்ற செய்தியை நம் ஜனம் கேட்ட விதமே வேறு. மாடு கட்டுகிற இடத்தில் பிள்ளையைக் கிடத்துவது என்றால் என்னவென்று, ஈரத் தரையில் பிள்ளைகளைப் படுக்கவைத்த தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறோம் என்று இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். இந்த வாரத்துக்குள் கொடுத்துத் தீருங்கள். பண்டிகைச் செலவுக்குக் கை கடித்தால் கேக்கில் ஒரு கிலோ குறையட்டும்.

மற்றது நம் சபையை நடத்துகிற சேகரகுருவுக்கும் கமிட்டியாருக்கும். 24ஆம் தேதி முழு ராத்திரியும் தையல் மெஷினிலும் பேக்கரி அடுப்பிலும் பஸ் ஸ்டியரிங்கிலும் இருக்கிற நம் ஜனங்கள் விடியற்கால ஆராதனைக்கு வர முடிகிறதில்லை. அவர்களுக்காக 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு இன்னொரு ஆராதனை வைத்துத் தாருங்கள். பாடகர் குழுவில் நாலு பேர் வந்தாலும் போதும், பிரசங்கம் சின்னதாக இருக்கட்டும். திருவிருந்து மட்டும் கட்டாயம் வேண்டும்.