வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டிலேயே பாடமும்

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் வீட்டுக்கல்வி பற்றிப் பேச வேண்டும் என்றுதான் அழைத்தார்கள். வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் முழுநேர வேலையில் இருப்பவர்கள் என்று அப்புறம்தான் சொன்னார்கள். அப்படியானால் பேச்சே வேறு. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும், நாளில் எட்டு மணி நேரத்தைச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றாகாது.

இந்த யோசனையில் இருக்கும் பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது, "பாடம் நடத்த நேரம் எங்கே இருக்கிறது?" என்றுதான். பாடத்துக்கு நேரம் கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் அந்த எட்டு மணி நேரமும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

பள்ளிக்கூடம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. பாடம் நடத்துகிறது. கூடவே, காலையில் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் பத்திரமாகத் திருப்பித் தருகிறது. இந்த இரண்டாவது காரியத்தின் மதிப்பு நமக்கெல்லாம் 2020இல்தான் உறைத்தது. கொரோனாவின் உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு "வீட்டுக்கல்வியா, ஐயோ வேண்டாம்" என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் அன்று நடந்தது வீட்டுக்கல்வியே இல்லை. பள்ளியின் கால அட்டவணையைத் திரை வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கல்விக்கு மணி அடிக்க வேண்டியதில்லை.

முதலில் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், எழுத்துக்கும் கணக்குக்கும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம் போதும். அதையும் ஒரே மூச்சில் நடத்தக் கூடாது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வீட்டுக்கல்வி பற்றி எழுதிய சார்லட் மேசன், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

ஒரு மணி நேரம் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். ஐந்தரை வயதுப் பிள்ளை 'கொடி' என்ற சொல்லைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது ஒற்றைக் கொம்பு, அடுத்து க, அதற்கடுத்து கால். பிள்ளை நேர்மையாக இடமிருந்து வலமாகப் படித்து "கெ... ஆ... டி" என்கிறது. பக்கத்தில் இருப்பவர் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. கொம்பையும் காலையும் இரண்டு விரலால் மறைத்தால் க. கொம்பை மட்டும் திறந்தால் கெ. அதை மூடிவிட்டுக் காலைத் திறந்தால் கா. இரண்டு விரலையும் எடுத்தால் கொ. இதையே பொ, தொ, மொ என்று இன்னும் மூன்று எழுத்துக்குச் செய்துவிட்டு நோட்டை மூடிவிடலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், பிள்ளை தடுக்கியது கொம்பிலா காலிலா என்று பார்க்க ஆசிரியருக்கு வழியே இல்லை. அது அவர் குற்றமில்லை.

1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் ஒரு முடிவை வெளியிட்டார். தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலாகச் செய்தார் என்பது அது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே 98 என்ற எண்ணை நம்பி யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் தனிக் கவனிப்புக்குப் பலன் உண்டு என்பதை அவையும் மறுக்கவில்லை.

இப்போது ஒரு நாளை அளந்து பார்ப்போம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். பதினொன்று என்று வையுங்கள். மீதி பதின்மூன்று. அதில் உங்கள் வேலையும் போய்வரும் நேரமும் ஒன்பது பத்து மணி நேரத்தைத் தின்றுவிடும். கையில் நிற்பது மூன்று அல்லது நாலு மணி நேரம். குளியல், சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் அதற்குள்தான். அதிலிருந்து ஒரு மணி நேரத்தை உருவ முடியும், ஆனால் எந்த ஒரு மணி என்பதில் கவனம் வேண்டும். புதுக் கணக்கு, புது எழுத்து எல்லாம் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு. மாலை ஏழு மணிக்கு மேல் நீங்களும் களைத்திருப்பீர்கள், பிள்ளையும் களைத்திருக்கும். அப்போது கழித்தலை எடுத்தால் அழுகையில்தான் முடியும். அந்த நேரத்துக்குக் கதை வாசிப்பு போதும். அதுவும் பாடம்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"வாரநாளில் முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிடுகிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது மனதில் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்துப் பார்த்து எழுதிவிட்டார். ஞாயிறு வெளியே சுற்றுவதற்கு இருக்கட்டும்.

சரி, அந்த எட்டு மணி நேரம்? வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் உடனே கை தூக்குவார்கள். "நான் பக்கத்திலேயே இருக்கிறேன், லேப்டாப்பில் வேலை ஓடும், பிள்ளை பாட்டுக்குப் படிக்கும்." பத்து வயதுப் பிள்ளை படிக்கலாம். நாலு வயதுப் பிள்ளை படிக்காது. மீட்டிங்கில் நீங்கள் வாயைத் திறக்கும் அதே நொடியில்தான் அதற்குப் பென்சில் முனை உடையும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். நாளெல்லாம் இப்படித் தாவினால் மேலாளரிடமும் பெயர் கெடும், பிள்ளையிடமும் எரிந்து விழுவோம். அதனால் கறாராகவே சொல்கிறேன்: வேலை நேரத்தில் பாடம் கிடையாது, பாட நேரத்தில் போன் கிடையாது. பிள்ளை ஆறு வயதுக்குக் கீழே இருந்து, அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேறு பெரியவர் யாரும் இல்லை என்றால், இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம்.

அந்தப் பெரியவர் யாராகவும் இருக்கலாம். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொள்ளலாம். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். இதே எண்ணம் உள்ள இன்னொரு குடும்பத்தோடு நாள் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளையை ஒற்றையாளாக வளர்ப்பவர்களுக்குக் கடைசி இரண்டும்தான் வழி, அதுவும் சுலபமில்லை. தாத்தா பாட்டி இருந்தால் நல்லது, ஆனால் அவர்கள் தலையில் பாடத்தைக் கட்டாதீர்கள். பிள்ளை பத்திரமாக இருக்கட்டும், கதை கேட்கட்டும், பட்டாணி உரிக்கட்டும். வாய்ப்பாடு உங்கள் பொறுப்பு. யாருமில்லாத மணிகளைத் திரையிடம் ஒப்படைக்கும் ஆசை வரும். இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். "நாங்கள் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறோம்" என்று அப்பா உற்சாகமாக அறிவிப்பார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 'நாங்கள்' அம்மா மட்டும்தான். அவருக்கும் அதே எட்டு மணி நேர வேலை இருக்கும். யார் எந்தக் கிழமை, எந்த மணி என்று தாளில் எழுதி ஒட்டாமல் தொடங்காதீர்கள்.

கடைசியாகச் சட்டம். உங்கள் நாட்டில் இதற்கு இடமிருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், விதிவிலக்கு மிக அரிது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வழியிலோ தகுந்த கல்வி கிடைத்தால் போதும் என்கிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கே இருந்தாலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, படித்த பக்கம், தடுக்கிய இடம், மூன்றே வரி. அதிகாரி கேட்டாலும், பின்னால் பள்ளியில் சேர்க்கப் போனாலும், காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்கலாம். வீட்டில் நாலு வயதுக்காரர் இருப்பவர்கள் முதலில் கேளுங்கள், உங்களுக்குத்தான் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும்.