அம்மம்மாவின் தெறிப் பேணியில் ஒரு சிப்பாய்

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கும் இரைச்சல் கடல் இல்லை, மழை. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் வெளியே நின்று படம் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் இன்றைக்கு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் ஐந்து பொருட்கள் இருக்கின்றன. ஐந்துமே 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியச் சிப்பாய்களின் சாமான் என்ற நம்பிக்கையில் என்னிடம் வந்து சேர்ந்தவை. ஒன்று மட்டும் சுத்தப் பொய். எது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் இந்தத் தெறி. தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் பொத்தான் என்பதை நாங்கள் தெறி என்போம். கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை, தெருவில் கிடந்தால் குனிந்துகூட எடுக்க மாட்டீர்கள். நடுவில் 19 என்ற எண் தெரிகிறதா? வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இது வெள்ளீயக் கலவையில் வார்த்தது. பின்பக்கம் நூல் கோர்க்கும் இரும்பு வளையம் துருவாகி, அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிரித்தானியக் காலாட்படையின் சாதாரணச் சிப்பாய் 1855 வரை இப்படியான வெள்ளீயத் தெறிதான் அணிந்தான். அதன் பிறகு பித்தளை வந்தது. 1871இல் படைப்பிரிவு எண்ணையும் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக அரச சின்னம் பொறித்த தெறியைக் கொடுத்தார்கள். ஆக, எண்ணும் வெள்ளீயமும் சேர்ந்திருந்தால் அது 1855க்கு முந்தையது. 19ஆம் படைப்பிரிவு இலங்கையில் இருந்தது 1796 முதல் 1820 வரை. இந்தச் சின்னத் தகடு எங்கே கிடைத்தது தெரியுமா? அம்மம்மாவின் தையல் பேணிக்குள். பிளாஸ்டிக் தெறிகளுக்கும் ஊக்கிகளுக்கும் நடுவில். அவருக்கு அது எப்படி வந்தது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணா, எந்த இடத்தில் தோண்டினால் கிடைக்கும்?" தம்பி தங்கைகளே, தோண்ட வேண்டாம். ஸ்கேனர் இயந்திரத்தோடு புதையல் தேடப் போனவர்கள் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் வராத மாதம் உண்டா? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்திய பொருள் மண்ணுக்குள் கிடந்தால் அது அரசின் சொத்து. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஊரில் சிப்பாய்களின் சாமான் மண்ணுக்குள் போனதைவிட வீடுகளுக்குள் போனதுதான் அதிகம் என்பது என் அனுபவம். படை கப்பலேறியதும் விட்டுப்போனதை ஊர்ச் சனம் எடுத்துப் புழங்கியது. யாரும் அதைப் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை, அதனால்தான் தப்பியது.

அதற்குச் சாட்சி இந்த ஈயக் குண்டு. திருக்கடலூரில் ஒரு ஐயா வீச்சுவலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தில் நீள நீளமான ஈயமணிகள், நடுவில் இது மட்டும் உருண்டை. நூல் கோர்க்க யாரோ குறுக்கே துளை போட்டிருக்கிறார்கள். தராசில் வைத்தால் ஏறக்குறைய 30 கிராம். துளையிடும் முன் இன்னும் கொஞ்சம் கனத்திருக்கும். சுற்றிவர மெல்லிய வரம்பு ஓடுகிறது பாருங்கள், இரண்டு பாதியாக உள்ள அச்சில் வார்த்த தழும்பு. இந்தத் தட்டையான இடம், ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய அடையாளம். பழைய பிரித்தானிய மஸ்கெட் துவக்கின் குழாய் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர், குண்டோ 17 சொச்சம்தான். ஏன் அந்த இடைவெளி? கரி மருந்து எரிந்து குழாய்க்குள் அழுக்குப் படியப் படிய, இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. குறி தவறினாலும் பரவாயில்லை, சுடும் வேகம் குறையக் கூடாது என்பது அந்தக் காலக் கணக்கு. ஐயாவுக்கு இரண்டு புது ஈயமணி வாங்கிக் கொடுத்து இதை எடுத்துக்கொண்டேன். "சும்மாவே எடுத்துக்கொண்டு போ தம்பி, இது மீன் பிடித்தது போதும்" என்றார்.

ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். மரப்பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். முதல் வருடம் எனக்கு அது தெரியவில்லை. முதிரை மரப் பெட்டிக்குள் பெருமையாகப் பூட்டி வைத்து இரண்டு குண்டுகளைப் பொடியாக்கினேன்.

அடுத்தது இந்தத் தகரப் பேணி. மேலிருந்து பார்த்தால் அரைவட்டம். ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் முதுகுப் பொதியோடு ஒட்டி நிற்கும். மூடியே தட்டாகவும் ஆகும். இதில்தான் சமைத்தான், இதில்தான் தின்றான். பாலையூற்றில் ஒரு வீட்டில் இது கோழிக்குத் தீன் அளக்கும் பேணியாக இருந்தது! கைப்பிடிக்குக் கீழே உற்றுப் பாருங்கள், ஒரு அம்புக்குறி, இரண்டு பக்கமும் டபிள்யூ, டி என்ற எழுத்துகள். அம்பு என்றால் அரச சொத்து. எழுத்துகள் போர்த் திணைக்களத்தைக் குறிப்பவை. 1855இல் பழைய தளவாடச் சபையைக் கலைக்கும்வரை பி, ஓ என்ற எழுத்துகள்தான் இருந்தன. அந்த இரண்டு எழுத்தைத் தடவிப் பார்க்கத் தெரிந்தால் கடைக்காரரின் கதையைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

கதை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு, 1800 முடிவிலும் 1801 தொடக்கத்திலும் இங்கே தங்கியிருந்தார். பிரெட்ரிக் கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு வீடு இன்றும் நிற்கிறது, முற்றத்தில் மான்கள் மேயும். தங்கியது சில வாரங்கள். ஆனால் அவர் படுத்த கட்டில் என்று சொல்லி எனக்கு இதுவரை நான்கு கட்டில் காட்டியிருக்கிறார்கள். மனிதர் தூக்கத்தில் கட்டில் மாறி மாறிப் படுத்திருக்க வேண்டும்.

சரி, இந்தத் திசைகாட்டி. பித்தளை, தோல் உறை, மூடியில் லண்டன் என்றும் 1885 என்றும் அழகான எழுத்து. ஒரு வியாபாரி "கோட்டை அதிகாரியின் சாமான்" என்று சத்தியம் செய்தார். பதினெட்டாயிரம் ரூபாய். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைத் திறந்தால், திருகாணியின் தலையில் கூட்டல் குறி! அந்த வகைத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களில். கண்டுபிடித்தவர்களுக்குப் பாராட்டுகள், பொய் இதுதான். இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன், திசையும் சரியாகத்தான் காட்டுகிறது.

கடைசிப் பொருளைக் காட்டத்தான் மனம் வரவில்லை. இதுவும் தெறிதான், ஆனால் அதிகாரியுடையது. பித்தளையின் மேல் பொன்முலாம். பின்பக்கம் லண்டன் தயாரிப்பாளர் ஃபர்மின் பெயர். கூடு பிரித்த ஒரு பழைய பெட்டகத்தின் அடியில் கிடைத்தபோது, தேய்ந்த இடம் போக மீதி முலாம் மஞ்சளாக மின்னியது. அன்று வெள்ளிக்கிழமை. குத்துவிளக்குக் கழுவிய அம்மா, "பாவம், இதுவும் கறுத்துக் கிடக்கிறதே" என்று பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். இப்போது விளக்கைப் போலவே பளிச்சென்று இருக்கிறது. பொன் இல்லை. கோபித்துக்கொள்ள முடியுமா? அம்மாவின் கணக்கில் பித்தளை என்றால் புளி.

நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். புளி, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எங்கள் உப்புக் காற்றுக்குக் காற்றுப் புகாத பெட்டியும், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதியும் போதும். யார் வீட்டில், எந்த மூலையில் கிடைத்தது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். அம்மம்மாவின் பேணிக்குள் அப்படி ஒரு துண்டு இருந்திருந்தால், அந்த 19ஆம் இலக்கத் தெறி 1815க்கு முந்தியதா பிந்தியதா என்று நான் இன்று மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை அதைத் தொல்பொருள் திணைக்களக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.

மின்சாரம் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டது, நிறுத்துகிறேன். உள்ளிருந்து அம்மா தையல் பேணியைக் கேட்கிறார். அப்பாவின் சட்டையில் ஒரு தெறி கழன்றுவிட்டதாம்.