அல்பினிசமும் பெரிய எழுத்து வினாத்தாளும்

(சூன் 13, உலக அல்பினிச விழிப்புணர்வு நாளையொட்டி நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அரசு மருத்துவமனையின் கண் மருத்துவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் அலுவலர் அவர்களே, என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கிளை நூலகர் அவர்களுக்குத் தனியே ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். கூட்டம் தொடங்குமுன், முன்வரிசைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் எதற்கு என்று கேளாமல் எழுந்து போய் அணைத்தார். அதன் பிறகுதான் அந்த வரிசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் கண்ணைச் சுருக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் பழமொழி. தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறைந்து பிறக்கும் அல்பினிசத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குத் தெரியவில்லை. இன்று நான்கு செய்திகளைப் பேச எண்ணியிருக்கிறேன்: உடலில் நடப்பது என்ன, அது பரம்பரையில் எப்படி வருகிறது, ஆப்பிரிக்க நாடுகளில் இம்மக்கள் படும் பாடு, நம் பள்ளிகள் செய்ய வேண்டியது.

நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணின் கருவிழிக்கும் நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்குவதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. அல்பினிசம் உள்ளவரின் உடலிலும் அந்தச் செல்கள் குறையாமல் இருக்கின்றன. ஆனால் அவற்றால் நிறமியைப் போதிய அளவு உண்டாக்க முடிவதில்லை. டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் பாதையின் முதற்படியில் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். 11ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பழுதானால் ஒரு வகை அல்பினிசமும், 15ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு மரபணு பழுதானால் வேறொரு வகையும் வருகின்றன. ஆகவே ஒருவருக்கு முடி பால் போல் வெளுத்திருக்கும், இன்னொருவருக்கு வைக்கோல் நிறத்தில் இருக்கும். பிறந்த பின் திட்டுத்திட்டாகத் தோன்றும் வெண்புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டுமே தொற்றுபவையும் அல்ல. லண்டனில் 1908ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் கராட் என்ற மருத்துவர் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவுகளிலேயே, பிறவியில் வரும் வேதிமாற்றக் குறைகளுள் ஒன்றாக இதைச் சேர்த்துப் பேசிவிட்டார். நூறாண்டுக்கு மேலாகியும் நம் ஊரில் இதற்குக் காரணம் கேட்டால், கிரகணத்தில் வெளியே போனாள், குங்குமப்பூப் பாலை அளவு மீறிக் குடித்தாள் என்று பெற்றவளைத்தான் கைகாட்டுகிறோம். காதால் கேட்பதும் பொய்!

பெரும்பாலான வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு அல்பினிசம் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. மாமன் மகளை, அத்தை மகனை மணப்பவர்கள் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்திருக்கிறார்கள். அக்காள் மகளை மணப்பவர் நான்கில் ஒரு பங்கு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள்ளேயே மணம் செய்தவர்கள். உறவில் மணந்ததற்காக யாரையும் குற்றவாளியாக்கவேண்டியதில்லை. உறவே இல்லாதவர்களுக்கும் இது பிறக்கிறது.

இனி என் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். நான் உயிரியல் ஆசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வெண்முடியை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருப்பாள், கண்ணாடி அணிந்திருப்பாள். உயரமானவள் என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் அவள் எழுந்து வருவாள், ஒரு வரியைப் படிப்பாள், திரும்பிப் போய் எழுதுவாள், மறுபடியும் எழுந்து வருவாள். “வகுப்பில் என்னம்மா இந்த நடமாட்டம்?” என்று எல்லார் முன்னிலையிலும் அதட்டினேன். கேள்வி கேட்டால் முகத்தை இடப்புறம் திருப்பிக்கொண்டு பதில் சொல்வாள். “நேராகப் பார்த்துப் பேசு” என்று அதற்கும் அதட்டினேன். அவள் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. மரபியல் பாடம் வந்தது. அல்பினிசம் என்ற சொல்லை நான் வாய்விட்டுப் படித்ததும் நாற்பது தலைகளும் ஒருசேரக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. அவள் புத்தகத்தை மூக்குநுனி வரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொண்டாள் என்றுதான் அன்று நினைத்தேன். மணி அடித்த பிறகு வராந்தாவில் அவளிடம் கேட்டபோது, “இல்லை சார், அவ்வளவு கிட்டத்தில் வைத்தால்தான் எழுத்து தெரியும்” என்றாள்.

அன்று மாலையே ஒரு கண் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். கரு வளரும்போது விழித்திரையின் மையக்குழி சரியாக உருவாக நிறமி வேண்டும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சரியான பக்கம் பிரிவதற்கும் அது வேண்டும். அது இல்லாதபோது எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையாகத் தெளிவதில்லை. விழிகள் தாமாகவே ஊசலாடிக்கொண்டிருக்கும். முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் அந்த ஆட்டம் சற்றுத் தணியும். எந்தத் திருப்பத்துக்காக அவளை அதட்டினேனோ அது அவள் பார்ப்பதற்காகச் செய்த முயற்சி. மெண்டலின் பட்டாணிச் செடியைப் பதினைந்து ஆண்டு கற்பித்தவன், என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையை விசாரிக்காமல் விட்டேன். கண்ணால் காண்பதும் பொய்!

அரையாண்டுத் தேர்வு வந்தது. காலாண்டில் அவள் பாதி வினாக்களோடு தாளைக் கொடுத்திருந்தாள். இம்முறை தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, தேர்வு நாள் காலையில் அவளுக்கான வினாத்தாளைப் பள்ளிக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடைக்கு நானே எடுத்துச் சென்று, ஏ4 தாளை ஏ3 தாளாகப் பெரிதாக்கி வாங்கினேன். செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை. அவளைச் சன்னலுக்கு முதுகு காட்டி முன் பெஞ்சில் அமர்த்தினோம். எல்லா வினாக்களுக்கும் எழுதினாள். கூடுதல் தாள் கேட்டு அவள் கை உயர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

நான் இன்று மேடை ஏறியதே இதற்காகத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் அல்பினிசம் என்ற பெயர் இல்லை, குறைபார்வை இருக்கிறது. சரிசெய்த பின்னும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே என்றால் அந்த வகையில் சேர முடியும்; சான்றிதழுக்குக் கண் மருத்துவரே வழி காட்டுவார். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற மாற்றங்களுக்கும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் சான்றிதழ் வரும்வரை பிள்ளை காத்திருக்கலாமா? பள்ளி நடத்தும் ஒவ்வொரு தேர்விலும், கேட்காமலேயே பெரிய எழுத்து வினாத்தாள் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. முன் பெஞ்சும், கரும்பலகையை அருகே போய்ப் பார்க்க அனுமதியும், கையளவு உருப்பெருக்கியும் வேண்டும். காலை வழிபாட்டில் இவர்களை வெயிலில் நிறுத்தக் கூடாது. நிறமி இல்லாத தோலைப் புற ஊதாக் கதிர் எளிதில் சுடும், ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் சீருடை விதிக்கு எதிரானவை என்று எந்தப் பள்ளியும் சொல்லக் கூடாது.

ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். தான்சானியாவில் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் இக்குறையோடு பிறப்பதாகவும், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்றும் மதிப்பிடுகிறார்கள். மாந்திரீகத்தின் பெயரால் ஆப்பிரிக்க நாடுகளில் இம்மக்களைக் குறிவைத்து நடந்த கொலைகளைப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அவையில் விரித்துப் பேச எனக்கு மனமில்லை, நேரமும் கடந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் இந்த நாளை அறிவித்ததற்கு அக்கொடுமைகளும் காரணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்வி அலுவலர் அவர்களே, இந்த மேசையில் அந்த அரையாண்டு வினாத்தாள் இரண்டு அளவிலும் இருக்கிறது. தீர விசாரிப்பதே மெய் என்பதால், தங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் சிறிய தாளைப் படித்துப் பார்க்கும்படி அன்போடு வேண்டுகிறேன். அதனருகில் நாங்கள் எழுதிய மனுவும் இருக்கிறது. வாசலில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளிடம் கையெழுத்துத் தாள் உள்ளது. இன்றிரவு எட்டு மணி வரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள். நன்றி, வணக்கம்.