யானையும் ஆயிரம் பொன்னும்

(மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என்னுடைய நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்ட அதிபர் அவர்களே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கோயில் வண்ணக்கர் ஐயா, ஏறாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பள்ளிவாசல் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிக்கு நன்றி. இந்த வெக்கைக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்திருந்தால் இன்னும் நன்றி.

'போரின் புகழும் போரின் விலையும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். இலக்கியம் போரை எப்படிப் பாடியது, போர் நமக்கு என்ன செய்தது, இளைஞர்கள் என்ன செய்யலாம்.

களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குத்தான் பரணி பாடலாம் என்பது இலக்கணம். கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடினார். அதில் பேய்கள் பிணங்களைப் போட்டுக் கூழ் காய்ச்சும். 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். சரி, யானையை எண்ணியாவது வைத்தார்கள். செத்த வீரனின் வீட்டில் மறுநாள் உலை வைத்தது யார் என்று பரணியில் தேடினால் கிடைக்காது.

புறநானூற்றில் கொஞ்சம் கிடைக்கும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முந்திய போர்களில் பிறந்த வீட்டு ஆணையும் கணவனையும் இழந்தவள். பறைச் சத்தம் கேட்டதும் ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பட்டிமன்றங்களில் அவள் வீரத்துக்குக் கைதட்டுவோம். எனக்கு அந்த எண்ணெய்தான் தொண்டையில் நிற்கிறது. தாய் எண்ணெய் வைத்துவிடுகிற வயது என்ன வயது?

அப்புறம் நம்முடைய கதை. 1990ஐ இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர்கள், செப்டெம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள், அதே மாதம் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்கள். 2007இல் புலிகளிடமிருந்து குடும்பிமலையை இராணுவம் பிடித்ததும் கொழும்பில் வெற்றி விழா நடந்தது. அந்த ஆண்டு வாகரைச் சனமும் படுவான்கரைச் சனமும் தரப்பாளுக்குக் கீழே கிடந்தது.

என் மாமியின் கதையைச் சொல்லாமல் விட்டால் மாமி என்னை விடமாட்டார். மாமா 1990இல் சைக்கிளில் தயிர்ச் சட்டிகளைக் கட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்குப் போனவர். சுற்றிவளைப்பில் பிடித்ததாக யாரோ வந்து சொன்னார்கள். சைக்கிள்கூட வரவில்லை. வயலுக்கு அரசு தந்த காணிப் பெர்மிட் மாமாவின் பெயரில். மாமி அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்தபோதெல்லாம் மடியில் கட்டிக்கொண்டே திரிந்தார். பிறகு ஒருநாள் பெயர் மாற்றக் கந்தோருக்குப் போனால், மேசையில் இருந்த பொடியன், "கணவர்ர கையெழுத்து வேணும், கூட்டிக்கொண்டு வாங்க" என்கிறான். இல்லை என்றால் மரணச் சான்றிதழாம். மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மனே, கூட்டிக்கொண்டு போனது நாங்க இல்லையே. போன ஆக்கள்ட்டக் கேட்டு நீயே வாங்கி எடு. நான் இரிக்கன்."

பின்னேரம் நாலரை மணி வரைக்கும் இருந்தார். பொடியன் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தானாம். கையெழுத்துத்தான் வரவில்லை. யானை இறந்தாலும் ஆயிரம் பொன். மாமா இருக்கிறாரா இறந்தாரா என்பதே தெரியாததால் ஒரு சதமும் இல்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மட்டக்களப்பில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவில் குடில் போட்டுக்கொள்கிற ஊர் இது. ஆனால் அரச காணிக்குப் பெரும்பாலும் ஆணின் பெயரைத்தான் எழுதினார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகனை முன்னே வைத்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். காணவில்லை என்பதற்கே சான்றிதழ் தரும் சட்டம் 2016இல் வந்தது. இவ்வளவு வந்தும் எத்தனை தாய்மார் இன்னும் பொலித்தீன் பையோடு திரிகிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். அம்மாடி!

தலைவர் மணியைத் தொடுகிறார். இளைஞர்கள் பற்றி அடுத்த ஆண்டு பேசுகிறேன், கூப்பிட்டால். இப்போதைக்கு இந்தத் தாய்மாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் போதும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே வாசிகசாலையில் மேசை போடுகிறோம். பெர்மிட், அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள். மாமி முதல் ஆளாக வந்து கதிரை பிடித்துவிடுவார், கொஞ்சம் முந்தி வருவது நல்லது.