நெகெவ் பாலைவனத்துப் பெண்களின் கறுப்பு அங்கி

நேயர்களுக்கு வணக்கம். இஸ்ரேலின் தெற்கே உள்ள நெகெவ் பாலைவனத்தில், மந்தை மேய்த்து வாழ்ந்த பெதூயின் என்னும் அரபு மக்களின் பெண்கள் உடுத்தும் உடையைப் பற்றியும், அவ்வுடையைத் தாங்கி நின்ற மேய்ச்சல் வாழ்க்கை மாறிய விதத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

கணுக்கால் வரை இறங்கும் கறுப்புப் பருத்தி அங்கியைத் தோப் என்பார்கள். அதன் மார்பிலும் கைகளிலும் கீழ்ப்பகுதியிலும் குறுக்குத் தையலால் நெருக்கமாகப் பூவேலை செய்திருக்கும். மணமாகாத பெண்ணுக்கு நீல நூல், மணமானவளுக்குச் சிவப்பு நூல் என்பது வழக்கம். கணவனை இழந்தவள் மறுபடியும் நீலம் உடுத்துவாள். அவளே மறுமணம் செய்துகொண்டால், அந்த நீலத்தோடு சிவப்பையும் சேர்த்துத் தைத்துக்கொள்வதும் உண்டு. முகத்திரையில் வரிசையாகத் தொங்கும் வெள்ளிக் காசுகள் வெறும் அலங்காரமல்ல. மணமகன் தரப்பு மணப்பெண்ணுக்குத் தரும் மஹர் என்னும் மணக்கொடை வழி வந்து அவளுக்கே உரிமையான சொத்து அது.

இந்த உடைக்குப் பின்னால் இருந்தது பெண்ணின் உழைப்பு. ஆடுகளை ஓட்டிச் சென்றவர்களும், கதிரில் நூல் நூற்றவர்களும், தரையோடு பதித்த தறியில் கூடாரத் துணி நெய்தவர்களும் பெண்களே. நனைந்தால் இழை உப்பி மழையைத் தடுக்கும் அந்த ஆட்டுமயிர்த் துணிதான் குடும்பத்தின் வீடு.

இஸ்ரேல் உருவான 1948-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு, நெகெவில் எஞ்சியிருந்த பெதூயின் மக்களில் பெரும்பாலோர் ஒரு குறுகிய பகுதிக்குள் ஒதுக்கப்பட்டு, 1966 வரை இராணுவ ஆட்சியின்கீழ் இருந்தார்கள். 1950-இல் வந்த ஒரு சட்டம் கறுப்பு ஆடுகள் மேய்வதைக் கட்டுப்படுத்தியது. 1960-களின் இறுதியிலிருந்து தெல் ஷெவா, ரஹாத் போன்ற நகரியங்களை அரசு அமைத்தது. நிலையான வீடு கிடைத்தால் பெண்ணுக்கு நன்மை என்றுதான் நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால் மந்தை போனதும் ஆட்டுமயிர் போயிற்று, தறி போயிற்று. வெளியே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பலர் சுவர்களுக்குள் அடைபட்டார்கள். இந்த இழப்பு போதுமான அளவுக்குப் பேசப்படவில்லை என்பதே என் வருத்தம்.

இளம்பெண்கள் இன்று கடையில் வாங்கிய அங்கியும் தலைத்துணியும் அணிந்து பல்கலைக்கழகம் செல்கிறார்கள். அவர்களைக் கூடாரத்துக்குத் திரும்பச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. லகியா என்னும் ஊரில் 1991 முதல் பெண்கள் ஒன்றுகூடிக் கம்பளி நூற்று, விரிப்புகள் நெய்து விற்கிறார்கள். அந்த நெசவைப் பழம்பொருளாக அல்ல, கூலிக்குரிய தொழிலாகவே மதித்து, உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி.