வயிற்றில் இருக்கும் பித்தப்பைக்கு வலது தோள்பட்டை ஏன் வலிக்கிறது? ஒரு வார்டு நர்ஸ் சொல்கிறேன்

ராத்திரி பத்து மணிக்கு வியாசர்பாடியில் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) மசாலா முட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவர், ஒரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். வலது விலா எலும்புக்குக் கீழே வலி. கூடவே வலது தோள்பட்டையும் வலிக்கிறது, வாந்தி வேறு. வீட்டில் என்ன சொல்வார்கள்? "கேஸ்தான், ஒரு சோடா குடி." முழுசாகப் பாருங்கள், அடுத்த முறை சோடா வாங்க ஓட மாட்டீர்கள்.

வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிறேன்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். பித்தப்பை, கல்லீரலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பை. கொழுப்பைச் செரிக்கும் பித்தநீரைச் சேர்த்து வைக்கும். அதன் குழாயில் கல் அடைத்தால் பை வீங்கி அழற்சி வரும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கல்தான்.

சரி, தோளுக்கு வருவோம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகான விஷயம்!

(திரையில்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம்)

உதரவிதானம் என்ற இந்தத் தசைத் திரை, தாயின் வயிற்றில் நாம் கருவாக இருக்கும்போது கழுத்துப் பக்கம்தான் உருவாக ஆரம்பிக்கிறது. அப்புறம் கீழே இறங்குகிறது, தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு. ஒரு குடும்பம் காசிமேட்டிலிருந்து மணலிக்குக் குடிபோய்விட்டது, ஆனால் ரேஷன் கார்டு இன்னும் காசிமேட்டு முகவரியில் இருக்கிறது என்று வையுங்கள். மணலியில் என்ன நடந்தாலும் தகவல் காசிமேட்டுக்கே போகும். அப்படித்தான் வீங்கிய பை உதரவிதானத்தை உரசும்போது, சேதி கழுத்தில் 3, 4, 5 ஆம் நரம்பு வேர்களுக்குப் போகிறது. தோள்பட்டைத் தோலின் சேதி வருவதும் அங்கேதான். மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது.

சின்னத் துளைகள் வழியே பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் முடிந்த பிறகும் நோயாளி, "சிஸ்டர், வயிற்றைத்தானே ஆபரேஷன் பண்ணாங்க, தோள் ஏன் வலிக்குது?" என்று கேட்பார். அதே நரம்புதான்! வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தைச் சீண்டுகிறது. இரண்டு மூன்று நாளில் குறையும். மெல்ல எழுப்பி வார்டில் நாலு நடை நடக்க வையுங்கள். இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து அவர் மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலில் சளி கட்டும். ஆழமாக மூச்சு இழுக்க வைப்பது நர்ஸுக்கும் அட்டெண்டருக்கும் முக்கியமான வேலை.

அட்மிஷன் அன்று வரும் பெரிய சண்டை டீக்காகத்தான். வாய்க்கு ஒன்றும் தரக்கூடாது என்று எழுதியிருப்போம். "ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்குறார் பாவம்" என்று அம்மா ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து பால் டீயை ஊற்றிக் கொடுத்துவிடுவார். அன்புதான், எனக்குப் புரிகிறது. ஆனால் பாலில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைப் பிழியச் சொல்லும். வழி அடைத்த பையைப் பிழிந்தால் என்ன ஆகும்? தண்ணீர்ச் சத்தை டிரிப்ஸ் பார்த்துக்கொள்ளும், தயவுசெய்து காத்திருங்கள்.

அந்த நேரத்தில் நாங்கள் காய்ச்சல், நாடித்துடிப்பு, பிரஷர், வலியின் அளவு எல்லாம் குறிப்போம்; ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் நேரத்துக்குப் போகும். நீங்கள் கவனிக்க வேண்டியவை கண், சிறுநீர், மலம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் டீ மாதிரி வந்தாலோ, மலம் களிமண் நிறத்தில் போனாலோ, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாயில் கல் இறங்கியிருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு இவை வந்தாலும், காய்ச்சலோ வயிற்று வலியோ கூடினாலும், திரும்பி வந்துவிடுங்கள்.

வயதானவர்கள் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாக மட்டும் பேசலாம். அதையும் சொல்லுங்கள். மேல்வயிற்று வலியாக மாரடைப்பும் வரும் என்பதால் முதலில் ஈசிஜி எடுப்போம், "வயித்து வலிக்கு எதுக்கு ஈசிஜி?" என்று சண்டை போடாதீர்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: "பையை எடுத்தாச்சு, இனி அத்தோ சாப்பிடலாமா?" பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், சேர்த்து வைக்க இடமில்லாமல் நேராகக் குடலுக்குச் சொட்டும். அதனால் ஆரம்ப வாரங்களில் இட்லி, ரசம் சாதம், குழம்பு மீன் என்று போங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், எடுத்ததும் ஒரு தட்டு நிறைய அடித்தால் பேதி ஆகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால், எத்தனையாவது நாள் தோள் வலி விட்டது என்று கமெண்டில் எழுதுங்கள், நாளை ஆபரேஷனுக்குப் போகிற ஒருவர் படிப்பார்.